லாம்

தலைவலி எத்தனை வருஷமாக என்று கேட்டார்கள்.
பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் சேர்ந்ததிலிருந்து என்றேன்.
இல்லை என்றது ஸ்கேன்.
கருவிலிருந்தே.

இடது பொட்டுக்குப் பின்னால் ஒரு நீர்ப்பை.
சிலந்தி வலை மாதிரி ஒரு சவ்வு
எப்போதோ இரண்டாகப் பிரிந்து
நடுவில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டதாம்.
மூளை பாவம்,
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளுக்கு ஒதுங்குவதுபோல
ஒதுங்கியே உட்கார்ந்திருக்கிறது,
முப்பத்திரண்டு வருஷம்.

சிலர் இது இருப்பதே தெரியாமல்
கிழவியாகிச் சாவார்கள் என்றார் டாக்டர் ஹெப்பார்.
உனக்குக் கண் நரம்பு வீங்கியிருக்கிறது.
திறந்துவிடுவது நல்லது.

படிவம் ஆங்கிலத்தில், பின்பக்கம் கன்னடத்தில்.
ஆயா நாகவேணிக்கு ஓசூர்ப் பக்கம்.
வரிக்கு வரி விரல் வைத்துத் தமிழில் சொன்னாள்:
கசியலாம்.
சீழ் பிடிக்கலாம்.
ரத்தம் கட்டலாம், வலிப்பு வரலாம்.
ஒரு கண் இறங்கிப்போகலாம்.
மறுபடி திறக்க வேண்டி வரலாம்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி
கடைசி லாம்.

நம் பாஷையில்
நேரக்கூடியதற்கும் அனுமதிக்கும் ஒரே வால்.
உள்ளே வரலாம். உட்காரலாம். சாப்பிடலாம்.
கையெழுத்துப் போட்டேன்,
அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்தவளாக.

எலும்பில் ஒரு ஜன்னல்.
பையில் மூன்று துளை.
ஐந்து மணி நேரம்.

"ஜ்ஞானசுந்தரி!"
என் பெயரைக் கன்னடமாக்கிக் கூப்பிட்டாள் நர்ஸ்.
இடது இமை கடை ஷட்டர்போல் இறங்கிக் கிடந்தது.
விரலால் தூக்கினேன்.
இரண்டு நர்ஸ்.
ஒருத்தி சற்று மேலே மிதந்தாள்.

ஆறாம் நாள் தலையணை நனைந்திருந்தது.
வியர்வை என்றார் ஆரோன்.
வியர்வை இவ்வளவு தெளிவாக இருக்காது.

தையலைத் தொட்டுப் பார்த்தேன். இருபத்தாறு கிளிப்.
பதினோரு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள்,
இன்ச்சுக்கு எத்தனை என்று விரலே எண்ணிவிடும்.
நல்ல வேலை. ரிஜெக்ட் பண்ண மாட்டேன்.
ஆனால் தண்ணீருக்கு
ஊசித் துளை போதும்.

மறுபடி தியேட்டர்.
காதுக்குப் பின்னே தொடங்கி
கழுத்து, மார்பு தாண்டி வயிறுவரை தோலுக்கடியில் ஒரு குழாய்.
அது அதிகமாக வடித்துவிட்டது.
எழுந்து நின்றால் மண்டை பிளக்கும், படுத்தால் போய்விடும்.
காந்தத்தைத் தலையில் வைத்துத் திருகினார்கள்,
பூட்டுக்கு வெளியிலிருந்தே சாவி போடுகிறவர்கள்.
இரண்டு வாரம் கழித்து இன்னொரு திருகு.

நான்கு மாதத்தில் இமை பாதி ஏறியது.
ஹோசூர் ரோட்டில் இரண்டு பஸ் வரும்,
கீழே இருப்பதுதான் நிஜம், அதில் ஏறுவேன்.
வேலைக்கும் போனேன்.
ஒற்றைத் தையலை இரட்டை என்று பாஸ் பண்ணினேன்.
நாற்பது சட்டை திரும்பி வந்தது.
இப்போது நூல் பிசிறு வெட்டும் இடத்தில்
உட்கார்த்தியிருக்கிறார்கள்.

ஒரு ராத்திரி ஆரோன் இருட்டைப் பார்த்துச் சொன்னார்:
பண்ணாமலே இருந்திருக்கலாமோ.
அந்த லாமுக்கு
யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை.

பழைய தலைவலி போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும்.
கண் நரம்பு வீக்கமும் வடிந்தது.
பை மட்டும் பாதி இருக்கிறது.
இடம் கொடுத்தும் மூளை திரும்பி வரவில்லையாம்.
ஒதுங்கிப் பழகியது.

போன வாரம் ஹெப்பாரிடம் கேட்டேன்:
தலைக்குக் குளிக்கலாமா?
குளிக்கலாம்,
என்றார், தன் அரைகுறைத் தமிழில்.

லக்கசந்திரா முனையில் ஒரு சீயக்காய் பாக்கெட் கேட்டேன்.
கடைக்காரர் ஒன்றுதான் கொடுத்தார்.
பட்டைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.
இரண்டு.