மற்றும், அல்லது

பிரிவு உபசார விழாவில்
என்னைப் பேசச் சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று.
ஆளுமை என்றார்கள். அர்ப்பணிப்பு என்றார்கள்.
இருபத்தாறு வருடம் ஜெசிந்தா மேடத்துக்கு
வவுச்சர் எழுதியவன் நான்.
எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம்
கோத்தகிரி – மேட்டுப்பாளையம், பஸ், ஒரு டிக்கெட்.
நீலகிரி எக்ஸ்பிரஸ், முன்பதிவில்லாத பெட்டி.
கோட்டை வாசலில் டீ, இரண்டு.
ஒன்று அவருக்கு,
ஒன்று உள்ளே விட்ட காவலருக்கு.
இரண்டாவதற்கு ரசீது இல்லை.

வர்க்கி சுடும் பேக்கரிக்கு மேல்மாடிதான் அலுவலகம்.
எந்த மனுவை எடுத்தாலும் டால்டா வாசம் அடிக்கும்.
ஒரு துணைச் செயலாளர் கோப்பை முகர்ந்துவிட்டு
"எந்த ஊர் நீங்க?" என்றாராம்.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
உட்கார நாற்காலி கிடைத்தது.

ஆரம்பம் பேச்சாயி.
தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி,
ஏழாம் நம்பர் லயனுக்கு வந்து சேர்ந்தவர்.
உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார்.
விதி சொன்னது:
சொந்த முகவரிச் சான்று மற்றும் குடும்ப அட்டை.
அட்டை இருந்தது.
முகவரி எஸ்டேட்டினுடையது.
வேலை நின்றால் முகவரியும் நின்றுவிடும்.

அந்த 'மற்றும்' மேல்
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார் மேடம்.
"இதை 'அல்லது' ஆக்கினா போதும், மாசிலா.
மூணு மாசம்."

பதினோரு வருடம்.

நான்கு கலெக்டர்கள் மாறினார்கள்.
குழு, துணைக்குழு, துணைக்குழுவை ஆராய ஒரு குழு.
மேடத்தின் பெயருக்குப் பின்னால்
உறுப்பினர் என்று வந்தது, பிறகு தலைவர் என்று.
வவுச்சரில் பஸ் போய் ரயில் வந்தது,
ரயில் போய் கோவை – டில்லி விமானம்.
நிதி கொடுப்பவர்கள் கேட்டார்கள்,
தாக்கத்தை எண்ணில் சொல்ல முடியுமா என்று.
ஒரு சொல், என்று எழுதினேன்.
படிவம் திரும்பி வந்தது.

இன்னொன்றும் தெரியும் எனக்கு.
விமானக் கணக்கு ஏற ஏற
ஜீப்பின் டீசல் கணக்கு இறங்கியது.
ஒரு மார்ச் மாத இரவு, தணிக்கைக்கு முன்னால்,
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"இந்த வருஷம் லயனுக்கு எத்தனை தடவை போனேன்?"
நான்கு, என்றேன்.
மூன்றுதான்.
என் கையால் எழுதிய ஒரே பொய்க்கணக்கு.

அரசாணை வந்தது.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி: அல்லது.
பேக்கரிக்காரர் ஒரு தட்டு வர்க்கியைச் சும்மா அனுப்பினார்.
பேச்சாயியை நானே தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.
புது மெஷின் வைத்திருந்தார்கள்.
கட்டை விரல். சிவப்பு விளக்கு.
"வேற விரல் வைங்கம்மா."
சிவப்பு.
நாற்பது வருடக் கொழுந்து ரேகையைத் தின்றிருந்தது.
"பத்து விரலாலயும் அதைத்தானே பறிச்சேன்"
என்றார் பேச்சாயி,
மன்னிப்புக் கேட்பவரைப் போல.

இதை மேடத்திடம் நான் சொன்னது
விழா முடிந்து, பந்தலைப் பிரிக்கிறபோது.
அதற்கு முன் சொல்ல மனம் வரவில்லை.
தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது.
"ஜீப் இருக்கா?" என்றார்.
டிரைவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.
வெளியே மூடுபனி,
சாலையில் காட்டெருமை நிற்பதாக யாரோ சொன்னார்கள்.
சரி, என்று மட்டும் சொல்லி இறங்கினார்.

காலையில் என் மேஜைமேல் ஒரு பஸ் டிக்கெட்,
ஏழாம் நம்பர் லயன் விலக்கு,
கடைசி வண்டி.
குறிப்பு ஏதும் இல்லை.

ஓய்வு பெற்றவர் பயணத்தை
எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது.
பழைய பேரேட்டை எடுத்தேன்.
நான்கு என்று எழுதிய பக்கத்தில்
குண்டூசியால் குத்தி வைத்தேன்.

வருடம் ஒத்துப்போகாதுதான்.
தணிக்கைக்காரர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.