ஒரு பங்கு சர்க்கரை

தலைகுந்தாவில் தண்ணீர் கல்லாகும் என்று
மாற்றல் ஆணையில் எழுதியிருக்கவில்லை.
முதல் ஜனவரிக் காலையில்
வாசல் சட்டியைக் கவிழ்த்தேன்.
சின்னான்களுக்கு நேற்று வைத்த நீர்
வட்டக் கண்ணாடியாய்க் கையில் விழுந்தது.
உள்ளே ஒரு இறகு,
பேப்பர்வெயிட்டுக்குள் இருப்பதுபோல.

அதற்குச் சற்று முன்புவரை
எதிர்ப்புல்வெளியில் யாரோ உப்பு காயவைத்திருப்பதாகவே நம்பினேன்.
தூத்துக்குடிக்காரிக்கு
தரையில் வெள்ளையாய் எது கிடந்தாலும் உப்பு.

வீட்டுக்காரர் பெள்ளி
குல்லாயைக் காதுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்:
"ராத்திரியே வெச்சா கல்லுதான் டீச்சர்.
வெயில் வேலியைத் தொட்டதும் வைங்க."
நான் டீச்சரில்லை, ஆய்வக உதவியாளர்.
திருத்தவில்லை.
அந்தக் குளிரில் வாய் திறப்பதே செலவு.

விளிம்பு உடைந்ததென்று பள்ளி கழித்துவிட்ட பீக்கரில்
நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரை.
கொதிக்கவைத்து, ஆறவைத்து,
சிவப்பு மூடி போட்ட டானிக் குப்பியில் ஊற்றி
ஜிமிக்கிப்பூச் செடியருகே தொங்கவிட்டேன்.
தேன் ஊற்றக் கூடாது, பூஞ்சை பிடிக்கும்.
சாயம் கலக்கக் கூடாது.
மூன்று நாளுக்கொருமுறை வெந்நீரில் கழுவ வேண்டும்.
இதெல்லாம் தெரியும்.
வருமா என்பதுதான் தெரியாது.

பட்டாணிக்குருவி வந்தது, தலைசாய்த்துப் பார்த்தது,
நமக்கில்லை என்று போய்விட்டது.
வெள்ளைக்கண்ணிகள் பத்துப் பதினைந்தாய் வந்து
குப்பியை ஊஞ்சலாக்கிப் பாதியைக் கொட்டின.
தேன்சிட்டு மட்டும்
பனியில் கருகிய ஜிமிக்கிப் பூக்களை
ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டிருந்தது,
கடையடைப்பு நாளில்
ஷட்டர் ஷட்டராய்த் தட்டும் வெளியூர்க்காரனைப்போல.

என் குப்பியைக் கண்டுபிடிக்க
அதற்கு ஒன்பது நாள் ஆனது.
பத்தாம் நாள் முதல்
நான் லீவு போட முடியாதவள்.

பொங்கலுக்கு வரச்சொல்லி அண்ணன் பேசினான்.
"முடியாது, இங்கே ஒரு ஆளுக்குச் சாப்பாடு வைக்கணும்."
அந்தப் பக்கம் சற்று நேரம்
கடல்காற்று மட்டும் இரைந்தது.
பிறகு தொண்டையைச் செருமி,
"யாரு? என்ன ஆளுங்க?"
"ஏழு கிராம் இருக்கும்" என்றேன்.
போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி இப்படி அடிக்கும் என்று
யாரும் எதிர்பார்க்கவில்லை.
பிளஸ் டூ செய்முறைத் தேர்வன்று விடிகாலை
துணி துவைக்கும் கல்லில் கிடந்தது,
மூடிய கண், மடங்கிய விரல்,
பஞ்சு உருண்டை அளவுக்கு உப்பிய உடம்பு.
கையில் எடுத்தேன்.
கையில் எடுத்திருக்கிறேன் என்று கைக்குத் தெரியவில்லை.
மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி
ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு
அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.
ஆறு நாற்பது பஸ் போகும் சத்தம் கேட்டது.
ஏழேகால் பஸ் போகும் சத்தமும்.

எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.
பெட்டிக்குள் ஒரு கீறல் சத்தம்.
திறந்தேன்.
ஊசி மூக்கால் கட்டைவிரலில் ஒரு குத்து.
பிறகு ஜன்னல், பிறகு வேலி,
பிறகு காணோம்.

பள்ளியில் உப்பு ஆய்வு தொடங்கிவிட்டிருந்தது.
தாமதப் பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்
உறைபனி என்று எழுதினேன்.
எனக்கு மேலே கையெழுத்திட்ட நாலு பேரும்
அதையேதான் எழுதியிருந்தார்கள்.
அவரவர் வீட்டில் என்ன கிடந்ததோ.

கருகிய செடியை வெட்ட
பெள்ளி அரிவாளோடு வந்தபோது
ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.
பொறுத்தார்.
மார்ச்சில் அடித்தூரிலிருந்து தளிர்,
பின்னால் ஒன்று, இரண்டு, எண்ண விட்டுப்போகும் அளவுக்கு
ஜிமிக்கிகள்.

குப்பி மூன்று நாள் நிறைந்தபடியே தொங்கியது.
கொட்டிக் கழுவி மீண்டும் நிரப்பினேன்.
மறுபடி மூன்று நாள்.
கோபம்தான், பொய் சொல்லவில்லை.
ஐந்தடி தள்ளிப் பூவில் தலைகீழாய்த் தொங்குகிறது,
என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நேற்று அண்ணன் பேசினான்.
சுற்றி வளைத்து, மழை விலைவாசி எல்லாம் கேட்டுவிட்டு,
"அந்த ஆளு இன்னும் வர்றாப்லயா?" என்றான்.
"இல்லை. பூ வந்திருச்சு" என்றேன்.
என்ன புரிந்ததோ,
"சரி, விடு" என்றான் மெதுவாக.