சாரலுக்கு இரண்டு

ஒரு படத்துக்கு நாற்பது பைசா.
ஐந்து நொடி காட்டும், போய்விடும்.
அதற்குள் ஒன்றிலிருந்து ஐந்துவரை
ஏதாவது ஓர் எண்ணைத் தொட வேண்டும்.
பாலமா, பல் தேய்க்கும் பையனா, பரோட்டாவா,
அது உங்கள் வேலையில்லை என்றார்கள்.
தெளிவா, மங்கலா. அவ்வளவுதான்.

செங்கோட்டையில் பழைய ரைஸ் மில்லுக்கு மேல்மாடி.
பதினொரு பெண்கள், பதினொரு திரைகள்.
தவிட்டுத் தூசி எழும்பிவந்து கண்ணாடியில் படியும்.
துடைக்காமல் போட்ட எண்களும்
கணக்கில் சேர்ந்திருக்கும்.

அசல் கையில் இருந்தால் சுலபமாம்.
பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால்
எவ்வளவு கெட்டதென்று தெரிந்துவிடும்.
எங்களுக்கு வந்தவற்றுக்கு அசல் கிடையாது.
ஒப்பிட ஒன்றுமில்லாமல்
குறை கண்டுபிடிப்பது எப்படியென்று
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
பெண் பார்க்க வந்தவர்கள்
நாலு தடவை எங்கள் வீட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இருநூறு படம் தாண்டி
பார்த்த படமே திரும்ப வரும், ஆளைச் சோதிக்க.
காலையில் நாலு போட்ட தென்னந்தோப்புக்கு
பையனுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி
இரண்டு போட்டேன்.
ஹெப்சிபா அக்கா கூப்பிட்டாள்:
ஜுனைதா, எதும்மா உன் நிஜமான எண்?
இரண்டும்தான் என்றேன்.
கூட்டி, இரண்டால் வகுத்துக்கொண்டாள்.

அந்த ஆடியில் ஒரு வாரம்
மழைப் படங்களாகவே வந்தன.
எந்த ஊர் மழையோ.
சன்னலுக்கு வெளியே எங்கள் சாரல்,
உள்ளே அவர்கள் மழை.
கோடு கோடாக விழுந்தால் குறைதானே.
இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு.
வெளியே திரும்பிப் பார்க்கவில்லை,
ஐந்து நொடியில் அதற்கெல்லாம் இடமில்லை.

பிறகு வேலை நின்றது.
நாங்கள் போட்டதை இயந்திரம் படித்துக்கொண்டதாம்.
இனி அதுவே போடுமாம்.

நேற்று புனலூருக்கு லோடு.
பின்னால் முருங்கை,
இடமில்லாமல் ஒரு தடியங்காய் என் மடியில்.
கோட்டைவாசல் தாண்டும்போதே
மன்சூர் வைப்பரைப் போட்டுவிட்டார்.
ஆரியங்காவில் கம்பத்தில் ஒரு கேமரா.
வண்டி நின்றதும் சிமிட்டும்.
நம்பரைப் படிப்பதற்கு முன்னால்
படம் படிக்கத் தக்கதா என்று
தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும்.

தரம் குறைவு. மீண்டும்.

மன்சூர் இறங்கித் துண்டால் பலகையைத் துடைத்தார்.
மீண்டும்.
இரண்டடி பின்னால் எடுத்தார்.
மீண்டும்.
வைக்கோல் லாரிக்காரர்கள் ஹாரனில் திட்டினார்கள்.
'மழ நின்னா ஓக்கே ஆகும் சேச்சி'
என்றார் கூண்டுக்குள்ளிருந்து ஷைலஜன்.
ஆடிமாசம் ஆரியங்காவில்
மழை நிற்கும் என்று நம்புகிற ஒரு ஆள்!

எட்டிப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி ஒன்று.
அடுத்தது இரண்டு புள்ளி மூன்று.
அந்த எண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது,
கூட்டத்தில் சொந்தக்காரரின் நடை தெரிவதுபோல.
என் இரண்டும் மாடியில் பத்துப் பேரின் இரண்டும்
அரைபட்டுப் புள்ளி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது.
அந்தப் புள்ளி ஒருவேளை தவிட்டுத் தூசி.

படத்தைக் காட்டச் சொன்னேன்.
வண்டி மூக்கு. பாதியில் நின்ற வைப்பர்.
அது துடைத்த அரைவட்டத்துக்குள்
தடியங்காயோடு என் முகம்.
நம்பரில் கடைசி, எட்டா மூன்றா?
நம் வண்டி என்பதால் எனக்கு மூன்று.
இந்த ஒரு படத்துக்கு மட்டும் அசல் இருக்கிறது,
வாசலில், முந்தானையைத் தலைக்கிட்டு நனைந்துகொண்டு.

நானாயிருந்தால் மூன்று போட்டிருப்பேன்.
ராத்திரியென்றால், தெரியவில்லை, இரண்டு.

ஷைலஜன் நோட்டை எடுத்தார்.
ஈரத் தாளில் பேனா எழுதவில்லை,
உதறி உதறி எழுதினார்.
நம்பரைக் கேட்டார், சொன்னேன்.
காய் என்னவென்று கேட்டார்,
அதையும் சொன்னேன்.

வண்டி நகர்ந்தபோது
கம்பம் இன்னொரு தடவை சிமிட்டியது.
என்ன போட்டதோ.