எஃப் வரிசை, ஓர இருக்கை

வியாழக்கிழமை, திருப்பாப்புலியூர், மாலைக் காட்சி.
‘வெளியே’ என்று சிவப்பாய் எரியும் கதவுக்குப் பக்கம்
எஃப் வரிசை, ஓர இருக்கை. எப்போதும் அதுதான்.
படத்தின் நடுவே எக்காளம் தொனித்தால்
எழுந்து ஓடத் தோதாக.
எடுத்துக்கொள்ளப்படுகிறவர்களுக்குக் கதவு தேவையில்லை
என்பது எனக்கும் தெரியும்.
“வருகையின்போது எங்கே இருப்பாய் சகோதரி,
கூட்டத்திலா கொட்டகையிலா?”
போதகர் கேட்டுக் கேட்டு,
நாற்பத்தோரு வயதிலும் அந்தப் பயம் மட்டும்
விழாத பால்பல்.

முதல் பாதி முழுக்க வில்லன்.
கழுத்தில் என் கட்டைவிரல் தடிமனுக்குச் சிலுவை,
கையில் கிளாஸ், வாயில் நொண்டித் தமிழ்.
ஆளைச் சுட்டுவிட்டு நெற்றியில் சிலுவைக்குறி போடுவான்.
எங்கள் சபையில் குறி போடுவதில்லை,
நகை கிடையாது,
ஞானஸ்நானத்தன்று கழற்றிய தோட்டின் துளைகூட
எனக்குத் தூர்ந்துவிட்டது.
இதையெல்லாம் அவனிடம் யார் சொல்வது?
பின்வரிசையில் விசில்.
பாப்கார்னை மென்றேன்.

இடைவேளைக்கு அப்புறம் அவள் வந்தாள்.
டீக்கடைக்காரி. படத்தில் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.
அடிபட்டு ஓடிவந்தவனைப்
பாய்லருக்குப் பின்னால் உட்காரவைத்து
மேலே ஈரச்சாக்கை இழுத்துவிட்டாள்.
போலீஸ் கேட்டது.
“யாரும் வரலையே.”
அறை விழுந்தது. மறுபடி கேட்டது.
“யாரும் வரலை.”
உதட்டு ரத்தத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டே
அடுப்பிலிருந்து பாலை இறக்கிவைத்தாள்,
பொங்கிவிடுமே என்று.
அவ்வளவுதான். அதற்கு விசில் இல்லை.
படம் கதாநாயகன் பின்னால் போய்விட்டது.
நான் போகவில்லை.

குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை.
கழிவுநீரைக் குப்பியில் பிடித்து எண்ணாக்கித் தருவேன்.
அன்று காலை எண் கூடுதலாக வந்தது.
“இன்னொரு தடவ பாருங்க, எப்சிபா மேடம்.”
மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
பார்த்தேன். குறைந்திருந்தது.
குறைத்திருந்தேன்.
கையெழுத்தும் போட்டேன்.
என்னை யாரும் அறையவில்லை.

ஞாயிறு, பச்சையாங்குப்பம், தகரக்கூரைச் சபை.
சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன்.
“வியாழக்கிழமை சினிமாவுக்குப் போயிருந்தேன்.”
கீபோர்டு பையன் விரலை எடுத்துக்கொண்டான்.
ஈரச்சாக்கைச் சொன்னேன், அறையைச் சொன்னேன்,
பால் இறக்கிவைத்ததைச் சொன்னேன்.
அவளும் பொய்தான் சொன்னாள், நானும்...
எண்ணுக்கு வருவதற்குள்
போதகர் கண்களை மூடி ஸ்தோத்திரம் என்றார்.
சபையே எழுந்தது.
என்னை இருட்டிலிருந்து விடுவிக்கும்படி
சத்தமாக மன்றாடினார்கள், சிலர் அழுதும்கூட.
தியேட்டர் இருட்டைத்தான் சொன்னார்கள்.
நல்ல மனுஷர்கள்.

பஸ் நிறுத்தத்தில் பாஸ்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார்.
வெள்ளைப் புடவை, ஜிப்பு வைத்த பைபிள் பை, குடை.
திட்டு வரும் என்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:
“அந்தப் பொண்ண அப்புறம் விட்டுட்டாங்களா?”
“தெரியலம்மா. படம் அவள மறந்துடுச்சு.”

ஒரு கம்பெனி பஸ் நிற்காமல் போனது.
காற்று திரும்பியது.
அழுகின பலாவும் ஆணித்துருவும் சேர்ந்த அந்த நாற்றம்.
ஊருக்கு அது நாற்றம். எனக்கு எண்ணும் தெரியும்,
இரண்டு எண்ணும்.

“பேர் தெரியாம எப்படி ஜெபிக்கிறது,”
என்று முணுமுணுத்தார் பாஸ்டரம்மா.
பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நின்ற இடத்திலேயே கண்களை மூடினார்.
நான் மூடவில்லை.
வருகிறதா என்று
யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே.