சாட்சி எண் பதினேழு

விவிலியத்தின் மேல் கைவைக்கச் சொன்னீர்கள். வைத்தாயிற்று.
பெயர் சந்தியாகப்பன்.
தொழில், காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக்.
சபையில் இருந்தது ஆறு வருடம், நாலு மாதம்.
விலகிய காரணம்?
எழுதிக்கொள்ளுங்கள்: பிலோமினா.

தந்தை ஞானாதிக்கத்தைப் புனிதராக்க
இந்த விசாரணை என்கிறீர்கள். நல்லது.
ராயபுரத்தில் ஐஸ் கம்பெனி மாடியில் ஓர் அறை,
மூன்று பாய், ஒரு சைக்கிள்.
அதற்குப் பெயர் மறைபரப்புச் சபை.
முதல் விதிகளை ஐஸ் ரசீதின் முதுகில் எழுதினார்.
ஈரத்தில் இரண்டாம் விதி அழிந்துபோனது.
என்ன எழுதினார் என்று அவருக்கே கடைசிவரை நினைவு வரவில்லை;
ஒன்றுக்கு அடுத்தது மூன்று என்றே வாழ்ந்தோம்.
கீழே பார் உடைபடும் சத்தம்,
மேலே மூவேளைச் செபம்.

கோபக்காரர். அதையும் சேருங்கள்.
குழம்பில் உப்புக் குறைந்தால் அன்றைக்கு மௌன விரதம்.
கடன் அவர் வாங்குவார்,
கடன்காரரிடம் என்னை அனுப்புவார், வெறுங்கையோடு.
அதுவும் வேதபோதகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எட்டுப் பேரை அனுப்பினார்,
தான்சானியாவுக்கு, பப்புவாவுக்கு, ஒரிசா மலைக்கு.
ஒவ்வொரு முறையும் சென்ட்ரல்வரை வந்து
பெட்டியைத் தானே தூக்குவார்.
ஊறுகாய் பாட்டில் கசிகிறதா என்று முகர்ந்து பார்ப்பார்.
ரயில் போனபின்பும் பிளாட்பாரத்தில் நின்று
அடுத்த வண்டியின் அறிவிப்பை
மூன்று மொழியிலும் முழுசாகக் கேட்பார்.

அவர் மட்டும் எங்கும் போகவில்லை.
அடுத்த வருஷம் என்பார்.
வாடகை பாக்கி,
அப்புறம் இரண்டு பையன்களுக்குக் காமாலை,
அப்புறம் சர்க்கரை, கால்.

விலகுகிறேன் என்றேன். திட்டினார், மூன்று நாள்.
நாலாம் நாள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
கல்மண்டபம் பஸ் நிறுத்தம்வரை வந்தார்.
உள்ளே ஊறுகாய் வைத்திருந்தார்.
நெற்றியில் சிலுவை வரைந்து
"போ, பிலோமினாவிடம் போ" என்றார்,
ஆப்பிரிக்காவுக்குப் போ என்கிற அதே குரலில்.

அற்புதம் ஏதும் கண்டாயா என்று கேட்கிறீர்கள்.
இல்லை சாமி.
அவர் செத்த அன்று அலமாரியை ஒழித்தவன் நான்.
இரண்டு அங்கி, சவரக் கத்தி,
மூன்று பாஸ்போர்ட்.
ஒன்று காலாவதியாக ஆக ஒன்று எடுத்திருக்கிறார்.
எதிலும் ஒரு முத்திரை இல்லை.
கடைசியதில், விசா பக்கத்தில்,
டீ கிளாஸ் வைத்த வட்டம்.

அதை உங்களிடம் நான் ஒப்படைக்கவில்லை.
ஸ்பேனர் டிராயரில் இருக்கிறது.
இன்னும் இரண்டு வருடம் செல்லும்.