ஏ/பி

பாயான் லெப்பாஸ். இரவு பதினொன்றே கால்.
விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் இறங்கியபின்
ஏர்கோன் இரைச்சல் மட்டும்.

பட்டர்வொர்த் கிளினிக்கிலிருந்து மத்தியானம் அழைத்தார்கள்:
"பதிவு செய்தவங்க வந்து நிக்கிறாங்க,
பட்டியல்ல பேர் இல்ல.
எல்லாருக்கும் இல்ல, சில பேருக்குத்தான்."
எந்தச் சில பேர் என்று
நானும் கேட்கவில்லை.

சர்வரைக் கேட்டால் சொல்லாது.
வாங்கிக்கொள்ளும். வாயை மூடிக்கொள்ளும்.
கொடுத்த கடனைக் கேட்கப் போனவனைப் பார்க்கிற மாதிரி
பார்க்கும்.

பைக் சாவியைத் தேடியபடி ஹஃபிஸ் சொன்னான்:
"பெரிய கருவியெல்லாம் எதுக்குலா,
கன்சோல் லாக் போடு."

போட்டேன்.
நுழைகிற இடத்தில் 'வந்தாச்சு'.
கொஞ்சம் தள்ளி 'பெயர்:'
அதற்கும் கீழே 'எண்:'
எல்லாம் எழுதி முடிகிற இடத்தில்,
தூக்கக் கலக்கத்தில்,
'அடேய்'.

ஹஃபிஸ் பின் ரொஸ்லான் என்று அனுப்பினேன்.
நான்கு வரியும் விழுந்தன.
சியூ மெய் யீ. அவளும் அடேய் வரை போனாள்.
வேறு பெயர் தோன்றாமல்
என் பெயரையே தட்டினேன்,
அடையாள அட்டையில் உள்ளபடி:
செண்பகவல்லி ஏ/பி முனுசாமி.

வந்தாச்சு
பெயர்: செண்பகவல்லி ஏ
எண்: பி முனுசாமி

அப்புறம் ஒன்றுமில்லை.
கறுப்புத் திரையில் கர்சர் மட்டும்
கண் சிமிட்டிக்கொண்டு.

சாய்கோடு கண்ட இடத்தில் வெட்டு,
எண் எண்ணாக இல்லையென்றால் பேசாமல் திரும்பு
என்று ஒரு வரி.
யார் எழுதியது என்று பார்த்தேன்.
போன மார்ச். நான்.

பள்ளிக்கூடத்தில், வங்கியில், வாக்குச் சாவடியில்
முப்பத்தொரு வருஷம் அந்தக் கோட்டைப் போட்டவள்,
அப்பாவை எண்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி
எண் இல்லையே என்று
வெளியே அனுப்பியிருக்கிறேன்.

திருத்த ஏழு நிமிஷம் ஆனது.
பிறகு லாக் வரிகளை ஒவ்வொன்றாக மூடினேன்.
வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால்
அது பேசாது. மொழியின் விதி அப்படி.
கடைசி வரியில் கை நின்றது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

காலை எட்டரைக்குக் கிளினிக் திறந்தது.
குமுதா ஏ/பி சன்னாசி, பல் வலி.
திரையில்
அடேய்.