ஒன்றா, இரண்டா

ஏழு வயதில் நான் சொன்ன ஒரு பொய்
இரண்டு வருஷம் என் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.
கண்ணாடிக் கடைப் பெண்மணி
லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டார்:
ஒன்று தெளிவா? இரண்டு தெளிவா?
எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.
ஆனால் அவர் காத்திருந்தார்,
கோட்டைக் கழற்றாமலே அம்மா காத்திருந்தாள்.
"ஒன்று" என்றேன்.
ஊசியிலை மரம் என்பது பச்சைப் புகை என்றே
மூன்றாம் வகுப்பு வரை நம்பியிருந்தேன்.

இப்போது பதினாலரை.
ஸ்குவோலில் இந்தப் பனி உருகுவதற்குள்
ஒரு தொழிலைக் கைகாட்டியாக வேண்டும்.
மெங்கியா காட்டிவிட்டாள். ரொட்டிக்கடை.
அவள் கொட்டாவியில்கூட வெண்ணெய் மணக்கிறது.
யாகெனுக்கு அப்பாவின் பனி சமன் செய்யும் வண்டி;
அவனை யாரும் கேட்கவே இல்லை,
அதில் அவனுக்கு எவ்வளவு நிம்மதி!

நானும் மூன்று இடங்களில்
ஆளுக்கொரு வாரம் வேலை பார்த்துவிட்டேன்.
தச்சுப் பட்டறையில் பிடித்தது
ரம்பம் நின்றதும் வருகிற மௌனம்.
பல் மருத்துவரிடம்
கூரையில் ஒட்டியிருந்த மீன் படம்.
படுத்தால்தான் தெரியும்.
எல்லோரும் போனபின் நானும் படுத்துப் பார்த்தேன்.
மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது:
பஸ் பணிமனை, ரொம்பப் பிடித்துவிட்டது,
புதன்கிழமை மத்தியானம் வரை.
அறிக்கையில் எழுதியிருந்தார்கள்:
நேரம் தவறவில்லை. கை சுத்தம்.
ஆர்வம் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆலோசகர் தெனோத் கேட்கிறார்,
மனிதர்களா, இயந்திரங்களா?
உள்ளேயா, வெளியிலா?
ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே
'க்ளிக்' என்று லென்ஸ் விழுவது
எனக்கு மட்டும் கேட்கிறது.
கதவுக்கு வெளியே அடுத்த பையன்
ஷூவால் தரையைத் தட்டுகிறான்.
அம்மா இந்தத் தடவை கோட்டைக் கழற்றி
மடியில் வைத்திருக்கிறாள்.

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது "ஒன்று".
சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஜன்னலில் மரங்கள்.
இப்போதெல்லாம் சரியான கண்ணாடி,
ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாகத் தெரிகிறது.
அதுதான் தொல்லை.
எதை முதலில் பார்ப்பது?

"இன்னொரு தரம் காட்டுங்களேன்" என்கிறேன்,
காட்ட அவரிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்தே.
அவர் பேனாவை மூடுகிறார்.
கொஞ்சம் யோசித்து
மறுபடி திறக்கிறார்.